டெலிவரி ஆகாத மரணம்

செல்போன் அலறியபோது கோகிலவாணி மோருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

புது நம்பர்.

புது நம்பர் என்றால் புது ஆர்டர். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"கோகிலா ஹோம் ஷாப்பிங்க. சொல்லுங்க."

"வாட்டர் ஹீட்டர் ராடு வித்தீங்களே... சேந்தமங்கலத்துக்கு."

"ஆமாங்க. நல்லா வேலை செய்யுதுங்களா?"

"ரொம்ப நல்லா. முந்தாநாள் காலையில என் பொண்டாட்டி வாளித் தண்ணியில கைய வெச்சா. அப்பிடியே போய்ட்டா."

கரண்டி கீழே விழுந்தது.

"ஏனுங்க... என்ன சொல்றீங்க?"

"கதவத் தொறங்க. வாசல்லதான் நிக்கறேன்."

கோகிலவாணிக்கு முப்பது வயது. எடப்பாடியில், விசைத்தறிகள் பகலெல்லாம் தடதடக்கும் ஒரு தெருவில், அடுப்பு மேடையும் உள்ளேயே இருக்கும் ஒற்றை அறை வீடு. கணவன் பூபதி, போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கோ ஒரு காட்டில். மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவான்.

தனியாக உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் 'டிராப்ஷிப்பிங்' என்று ஒரு வீடியோ பார்த்தாள். கடை வேண்டாம். குடோன் வேண்டாம். செல்போனில் படம் போடு. ஆர்டர் வந்தால் மொத்த வியாபாரிக்குத் தட்டிவிடு. அவனே நேராகக் கஸ்டமர் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். நடுவில் நிற்கிற உனக்கு லாபம்.

"கண்ணுல பாக்காத சாமான விக்கறது ஒரு யாவாரமா கோகிலா?" என்று பூபதி கேட்டான்.

"நீங்க மட்டும் பூமிக்கடியில தண்ணியப் பாத்துட்டா தொளை போடறீங்க?"

இப்போது வாசலில் ஒரு பிணத்தின் கணவன்.

திறந்தாள்.

வெள்ளைச் சட்டை. வழித்த முகம். கையில் மஞ்சள் பை.

"சந்தோஷ்குமார்," என்றான். உள்ளே வந்தான். தாழ்ப்பாளைப் போட்டான். அதே வேகத்தில் அவள் கன்னத்தில் அறைந்தான்.

சுவரில் போய் மோதினாள் கோகிலவாணி. உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது.

"கத்தணும்னா கத்து. இந்தத் தறிச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்?"

உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் இவர்களுடைய தறிப் பட்டறையே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தறி ஓட்டும் சின்னாயிக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

மஞ்சள் பையிலிருந்து கறி வெட்டும் கத்தி வெளியே வந்தது.

"நான் வேணும்னு செய்யலீங்க..." அவள் அழுதாள். "சத்தியமா தெரியாதுங்க..."

"தமிழ்ச்செல்வி. அதுதான் அவ பேரு. நெனப்பிருக்குதா?"

இருந்தது. ஆர்டர் போட்ட அன்று போனில் பேசிய அந்த மெல்லிய குரல். 'அக்கா, மலையடிவாரமுங்க. காலையில குளுருல வெரலு வெறைச்சுப் போகுது. சீக்கிரம் அனுப்பி உடுங்கக்கா.'

ஒரு உயிரை எடுத்துவிட்டோம். தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு சாமானை வைத்து...

"என்ன வேணும்னாலும் பண்ணுங்க," என்றாள். "தப்பு என்னுதுதான்."

"அதையேதான் கேமராவுக்குச் சொல்லணும்."

சந்தோஷ்குமார் தன் செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டான். அவளை அதற்கு நேராக நிறுத்தினான்.

அவள் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். "சேந்தமங்கலம் தமிழ்ச்செல்விக்கு நான் வித்த ஹீட்டர்ல கோளாறு. அதுல கரண்ட் அடிச்சுத்தான் அவங்க செத்துப்போனாங்க. நாந்தான் காரணம்."

"இன்னொரு வரி இருக்குது. 'இதுக்கு மேல நான் உசுரோட இருக்கக்கூடாது.' சொல்லு."

"அது எதுக்குங்க?"

கத்தி முனை கழுத்தில் ஏறியது. சூடாக ஒரு கோடு இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது.

சொன்னாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது.

திரையில் 'மாதேஸ்வரன் சூரமங்கலம்'.

"யாரு அது?"

"யாவார விசயமுங்க."

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு. குரல் மாறுச்சுன்னா கழுத்து இருக்காது."

போட்டாள்.

"ஏனுங்கக்கா, மாதேஸ்வரன் பேசறேன். அந்தச் சேந்தமங்கலம் ஹீட்டர் ஆர்டர் இருக்குதில்லீங்க... கோவிச்சுக்காதீங்க. அத இன்னும் அனுப்பலீங்க. இங்க குடோன்லயேதான் கெடக்குது. கஸ்டமருக்கு ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா?"

தறிகள் தடதடத்தன.

அனுப்பவே இல்லை.

அப்படியென்றால்... தமிழ்ச்செல்வி எந்த ஹீட்டரால் செத்தாள்?

கோகிலவாணி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். சந்தோஷ்குமாரின் முகத்தில் கோபம் காணாமல் போயிருந்தது. துக்கம் முதலிலிருந்தே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"சொல்லிடறேனுங்க," என்றாள் போனில். "கஸ்டமரு இங்கதான் இருக்காரு."

பாய்ந்து பிடுங்கினான். போன் சுவரில் மோதிச் சிதறியது.

"எவன்டி அவன்? சரக்கு உங்கிட்ட இல்லியா?"

"நான் அத ஃபோட்டோவுலதானுங்க பாத்திருக்கேன். அனுப்பறது அவருதான்."

கெட்ட வார்த்தை ஒன்று அவன் வாயிலிருந்து வந்தது. ஒரு ஆளைக் கொல்லக் கிளம்பி வந்தவனுக்கு வேலை இரண்டாகிவிட்டது.

"பரவால்ல. சாயங்காலம் சூரமங்கலமும் போறேன்."

"அவள எதுக்குக் கொன்ன?" முதல் தடவையாக 'ங்க' உதிர்ந்துபோயிருந்தது அவள் பேச்சில்.

"அவ அப்பன் குடுத்த வெள்ளாமைக் காடு. மலையடிவாரத்துல. விக்கலாம்னு சொன்னா, செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்னா. சரி, சாவுன்னு உட்டுட்டேன். வயர உரிச்சு வாளியில போட வேண்டியதுதான... பழைய ராடு ஒண்ணப் பக்கத்துல போட்டுட்டு, உன் ஹீட்டரு மேல பழியப் போட்டேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. அந்தப் பொம்பள இன்ஸ்பெக்டரு மட்டும் அட்டைப்பெட்டி எங்க, வித்தது யாருன்னு குடைஞ்சுட்டே இருக்கறா. வித்தவளே ஒத்துக்கிட்டுத் தொங்கிட்டா, அப்பறம் குடைய என்ன இருக்குது?"

கொடியில் காய்ந்த சேலையை இழுத்தான். ஒரு முனையை அவள் கழுத்தில் சுற்றினான். மறுமுனையை ஃபேன் கொக்கிக்கு வீசினான்.

இழுத்தான்.

கோகிலவாணியின் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. கண்ணுக்குள் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. காதில் தறிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தூரமாய்ப் போனது.

பூபதி எந்தக் காட்டில் இருக்கிறானோ...

கால் துழாவியது. அடுப்பு மேடை தட்டுப்பட்டது. அணைக்காமல் விட்ட அடுப்பில் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

உதைத்தாள்.

எண்ணெய் அவன் மார்பிலும் முகத்திலும் பட்டது. அலறிக்கொண்டு சேலையை விட்டான். தொப்பென்று விழுந்தவள், இருமிக்கொண்டே தவழ்ந்து பட்டறைக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளினாள். பின்னாலேயே வந்தவன் அவள் முடியைப் பிடித்தான். கத்தி இறங்கியது. தோளில்.

இருவரும் கதவோடு சேர்ந்து பட்டறைக்குள் விழுந்தார்கள்.

நூல் அறுந்ததை முடிந்துகொண்டிருந்த சின்னாயி திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். எதுவும் கேட்கவில்லை.

ஜன்னல் திட்டில் நாடா ஒன்று கிடந்தது. நூலைத் தறியில் இப்படியும் அப்படியும் கொண்டு ஓடுகிற கட்டை; இரண்டு முனையிலும் இரும்புக் கூர். கோகிலவாணி அதைப் பிடித்தாள். திரும்பினாள். மேலே குனிந்த முகத்தில், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், முழு பலத்தோடு குத்தினாள்.

நாடா அங்கேயே நின்றது.

சந்தோஷ்குமார் பின்னால் சாய்ந்தான். விழாமல் இருக்க எதையோ பிடித்தான்.

அவன் பிடித்தது ஓடுகிற மோட்டார் பெல்ட்டை.

கை உள்ளே போனது. பிறகு முழங்கை. எலும்பு முறிகிற சத்தத்தைத் தறிச் சத்தம் விழுங்கிவிட்டது. தறியில் விரிந்திருந்த வெள்ளை வேட்டிப் பாவில் சிவப்பாய்ச் சாரல் அடித்தது.

சின்னாயி ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

பட்டறை அமைதியானது. அதன்பிறகுதான் அவனுடைய அலறல் கேட்டது.

"அய்யோ சாமி... யாரு புள்ள இவன்?" சின்னாயி அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

"கஸ்டமருங்கக்கா," என்று சொல்லிவிட்டு மயங்கினாள் கோகிலவாணி.

* * *

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது தோளில் தையல், கழுத்தில் கட்டு. பக்கத்து ஸ்டூலில் சேந்தமங்கலத்து இன்ஸ்பெக்டர் கமலவேணி. உயரமான பெண். தூங்காத கண்கள்.

"பேச வேண்டாம். கேளுங்க போதும். அவன் பொழைச்சுக்குவான். ஒரு கையும் ஒரு கண்ணும் இல்லாம ஜெயிலுக்குப் போவான். வீடியோவ நிறுத்த மறந்துட்டான் பாருங்க... கொன்னத அவன் வாயாலயே சொன்னது, உங்கள மாட்டித் தூக்கினது, எல்லாம் அவன் போன்லயே இருக்கு."

கோகிலவாணியின் கண்ணோரம் நனைந்தது.

"அந்தப் புள்ளைய நான் கொல்லலீங்க மேடம்," என்றாள் கரகரத்த குரலில். "அது போதும் எனக்கு."

கமலவேணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"மாதேஸ்வரனப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஹீட்டர ஏன் அனுப்பலைன்னு கேட்டேன்."

"ஏனுங்க?"

"லோடு இறக்கறவர் ஒருத்தர் அந்த ஹீட்டர்கள்ல ஒண்ண எடுத்துத் தண்ணியில போட்டுப் பாத்திருக்கார். தூக்கி வீசிருச்சு. இன்னும் ஐசியுவுலதான் இருக்கார். மிச்சத்தையும் எங்க எலக்ட்ரீசியன் சோதிச்சார். அத்தனையும் அப்படித்தான். தொட்டா உயிர் நிக்காது."

கோகிலவாணியின் காதில் அந்த மெல்லிய குரல் கேட்டது.

'சீக்கிரம் அனுப்பி உடுங்கக்கா.'

"அப்ப... அது போயிருந்தா..."

"தமிழ்ச்செல்வி குளிக்கப் போயிருப்பா. செத்திருப்பா. இப்ப இந்தக் கட்டில்ல நீங்க இருக்க மாட்டீங்க. எங்க லாக்கப்ல இருந்திருப்பீங்க."

கோகிலவாணி கழுத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஊட்டுக்குப் போனதும் அந்த ஷாப்பிங் பேஜ அழிச்சுடறேன் மேடம். இனி வித்தா, எங்கையால தொட்டுப் பாத்த சாமானத்தான் விப்பேன்."

"நல்லது." கமலவேணி எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"அவசரக்காரப் பய. அந்த லோடுக்காரர் போட்டுப் பாக்காம இருந்து, இவனும் ரெண்டே நாள் பொறுத்திருந்தா, அவன் வேலைய உங்க கடையே ஃப்ரீ டெலிவரியில முடிச்சுக் குடுத்திருக்கும்."