குட்டிக்கு இன்னும் ஒரு நாள்

"அந்த ஜன்னல மூடுங்க சார்... குட்டி நனையுதுல்ல!"

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரும் டவுன் பஸ். வெளியே சாய்ந்து அடிக்கும் மழை. செழியன் திரும்பிப் பார்த்தான். முதலில் தெரிந்தது கண்கள்தான்... பெரிய, கோபமான, அழுது சிவந்த கண்கள். அப்புறம்தான் அவள் துப்பட்டாவுக்குள் சுருண்டு கிடந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்தான்.

"மூட முடியாதுங்க. அதுக்குக் காத்து வேணும்."

"நீங்க இன்னா டாக்டரா?"

"ஆமாங்க. மாட்டு டாக்டர்."

அவள் திகைத்தாள். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் குட்டியை அவன் மடியிலேயே வைத்துவிட்டாள். பாவம், வேறென்ன செய்வாள்!

அவள் பெயர் ரெஜினா. ஆடு வளர்க்கிறவள். கரும்பு டிராக்டர் மோதித் தாய் ஆடு செத்துப்போக, வயிற்றைக் கிழித்து எடுத்த குறைமாதக் குட்டி இது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. நுரையீரல் விரியவில்லை என்று செழியனுக்குப் புரிந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் அவன் வேலை பார்க்கும் கால்நடை ஆராய்ச்சிக் கூடத்துக்கு இருவரும் மழையிலேயே ஓடினார்கள்.

அங்கேதான் வந்தது வம்பு.

"நுரையீரல்ல ஒரு திரவத்த ஊத்தப் போறேங்க..." என்று அவன் பாட்டிலை எடுத்ததும், ரெஜினா அவன் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"நுரையீரல்ல தண்ணி பூந்தா செத்துடும் சார்! எங்க ஜெரினு... என் தம்பி... கோமுகி அணையில அப்பிடித்தான் போனான். என் கண்ணு முன்னாடி தண்ணியா கக்கிக்கினு..."

குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது தண்ணி இல்லீங்க" என்றான் அவன். "ஆக்சிஜன நெறைய தாங்கும். ஒட்டிக்கினு கெடக்குற நுரையீரல விரிச்சுப் புடிக்கும். கூடவே மெஷின் காத்து குடுக்கும். அப்புறம் மூச்சோடவே ஆவியா போயிடும்."

"அப்போ ஆஸ்பத்திரில மனுசங்களுக்கு ஏன் செய்யல?"

"அது இன்னும் ஆராய்ச்சியிலதாங்க இருக்கு."

"எங்க குட்டிய வச்சுத்தான் ஆராய்ச்சி பண்ணுவீங்களா?"

சுருக்கென்றது அவனுக்கு. இத்தனை வருடம் படித்தவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா! "நம்பலன்னா தூக்கிக்கினு போங்க" என்று பாட்டிலைக் கீழே வைத்துவிட்டான். வைத்த மறு நொடியே வெட்கமாக இருந்தது. இவளிடம் ஏன் இவ்வளவு கோபம்...? கோபம்தானா இது...? அவனுக்கே ஒன்றும் விளங்கவில்லை.

"பொழைக்குமா? நெஜத்த சொல்லுங்க" என்றாள் அவள், மெதுவாக.

"தெரியலீங்க. சிலது பொழைச்சிருக்கு. சிலது பொழைக்கல. ஊத்தாம வுட்டா பொழைக்கவே பொழைக்காது. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அந்தப் பயம்தான் அவளை அசைத்தது. கண்ணை மூடி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

"ஊத்துங்க."

திரவம் குழாய் வழியே இறங்கியது. மெஷின் மெல்ல ஊதியது. முனகல் நின்றது... ரெஜினாவின் முகம் வெளுத்தது. அப்புறம் குட்டியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது. நீலம் பாரித்திருந்த நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"குட்டி மூச்சு வுடுது... நீங்களும் வுடுங்க" என்றான் செழியன். அழுதுகொண்டே சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் அவன் தொலைந்தே போனான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய குழப்பம்! குட்டி மெஷினை விட்டு வெளியே வந்தது. பாட்டில் பால் குடித்தது. மேஜைக்கடியில் துள்ளியது. ஆனால், "கூட்டிக்கினு போலாமா சார்?" என்று ரெஜினா கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஒரு நாள் பாத்துடலாங்க" என்று அவன் வாய் தானாகச் சொன்னது. அவளும் கவலையாகத் தலையாட்டிவிட்டுப் போய், மறுநாள் வந்து நின்றாள். நைனார்பாளையத்தில் அவன் அப்பா அவன் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண் தேடுகிறார். இவளோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். குட்டியும் போய்விட்டால் எந்தச் சாக்கில் இவளைப் பார்ப்பது...? ஆனாலும், தம்பியை இழந்த பெண்ணைப் பொய் சொல்லிப் பயமுறுத்துகிறோமே என்று மனசு அறுத்தது.

ஒரு சாயங்காலம் சொல்லியேவிட்டான்.

"ரெஜினா... குட்டிக்கு எப்பவோ சரியாயிடுச்சு. நான்தான் பொய் சொல்லிக்கினு இருந்தேன். மன்னிச்சிடுங்க. கூட்டிக்கினு போங்க."

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வரவில்லை.

"எனக்குத் தெரியும் சார். ஆட்டோடயே வளந்தவ... நல்லா இருக்கிற குட்டி எதுன்னு தெரியாதா?"

"அப்போ... ஏன் தெனமும் வந்தீங்க?"

அவள் குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"இன்னிக்கு 'கூட்டிக்கினு போ'ன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கினேதான் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறினேன். இன்னிக்கு சொல்லிட்டீங்க..."

செழியன் அவள் கையிலிருந்து குட்டியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"உன்ன எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு ரெஜினா. நானும் வரேன். உங்க அப்பாகிட்ட பேசணும்."