கூட வருபவர் பெயர்

செப்டம்பர் 9, 1997, செவ்வாய்.
பாங்கிலிருந்து விசாரிக்க வந்தவரிடம் இன்று காலை தப்பான பதில் சொல்லிவிட்டேன். கூடப் பயணம் வருபவர் பெயர் என்ன என்று கேட்டார். ஹம்சா என்றேன். ஜலஜா என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு மேல் டைரியில் அவளுக்கு எழுத வரவில்லை. மத்தியான வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பேனாவை மூடிவிட்டு, தப்பு தன்னுடையதுதானா என்று ஹம்சா மறுபடியும் முதலிலிருந்து யோசித்தாள். எதையும் வரிசையாக யோசித்து, கடைசியில் தன் பேரிலேயே குற்றம் கண்டுபிடிப்பது அவளுக்குப் பழக்கம்.

இரண்டு வாரமாக அந்தச் சித்திரக்குளத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் ஹாலில்தான் நின்றது. அவள் கணவன் முகுந்தன் மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் இருந்தான். மாதத்தில் பாதி நாள் பம்பாய், ஹைதராபாத் என்று விமானத்தில் பறப்பான். அந்தச் செலவையெல்லாம் புதிதாக வந்திருக்கும் உயர்ந்த ரகக் கிரெடிட் கார்டில் போட்டால் புள்ளிகள் சேருமாம். கார்டு வாங்கியதும் பாங்க் இனாமாகத் தரும் புள்ளிகளையும் கூட்டினால் தை மாதத்துக்குள் சிங்கப்பூருக்கு இரண்டு டிக்கெட். கார்டுக்காரருக்கு ஒன்று, விண்ணப்பத்தில் அவர் பெயர் கொடுக்கும் இன்னொருவருக்கு ஒன்று.

ஆனால் கார்டு கொடுக்கும் முன் பாங்க் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வீட்டைப் பார்ப்பானாம். அதற்காகத்தான் மாமியார் விஜயலக்ஷ்மி ஃப்ரிட்ஜை ஹாலுக்கு நகர்த்த வைத்தாள். ஆள் சாயந்திரம்தான் வருவான், நீ ஆத்துல இருக்கணும் என்று முகுந்தன் சொன்னதால், பாண்டி பஜாரில் படித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஹம்சா முழுக்குப் போட்டாள். முதல் பரீட்சையும் போயிற்று.

அவள் முணுமுணுக்கவில்லை. சிங்கப்பூரில் அவள் அக்கா நீரஜா இருந்தாள். அம்மா போன பிறகு ஹம்சாவுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள். தை மாதம் பிரசவம். பக்கத்தில் நிற்கப் பிறந்த வீட்டு மனுஷி என்று ஹம்சாவைத் தவிர யாருமில்லை. “நீயும் நானும் போறோம்” என்று முகுந்தன் வாக்குக் கொடுத்திருந்தான்.

வந்த ஆள் சாயந்திரம் வரவில்லை. காலையில், பால் பொங்கி வழிந்ததற்கு விஜயலக்ஷ்மி மருமகளைக் கடிந்துகொண்டிருந்தபோது, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பெயர் பஞ்சாட்சரம் என்றார்.

“இன்னாம்மா, ஃப்ரிட்ஜ ஹால்ல வச்சிகினு கீறீங்க?”

“சமையலுள்ல எறும்பு” என்றாள் விஜயலக்ஷ்மி, கண்ணை இமைக்காமல்.

காபியைக் குடித்துக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை வருஷமாக இந்த வீடு, டெலிபோன் யார் பேரில். எல்லாவற்றுக்கும் ஹம்சா நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில், சாரோடு கூடப் போகிறவர் பெயர் என்ன என்றார்.

“ஹம்சா. நான்தான்.”

அவர் தாளைப் பார்த்தார். “இல்லியேம்மா. ஜலஜான்னுல்ல கீது. சாரோட அக்கா.”

ஹம்சா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் புரிந்துவிட்டது... தெரியாதவள் தான் ஒருத்திதான்.

“பதிலு ஒத்துப் போவலைன்னா அப்டியே எழுதிக்கினு போவணும்மா. அப்பால கார்டு வராது. என்னைக் கோச்சிக்காதீங்க.”

“ஜலஜாதான். நான்தான் மறந்துபோயிட்டேன்” என்றாள் ஹம்சா.

அவர் படியிறங்கிய பிறகு விஜயலக்ஷ்மி ஆரம்பித்தாள். அவனிடம் வாயைக் கொடுப்பானேன் என்றாள். ஜலஜாவுக்குச் சிங்கப்பூர் சபாவில் கச்சேரிக்கு அழைப்பு வந்திருக்கிறது, போக வரச் செலவு அவளுடையது என்று சபாக்காரர்கள் எழுதிவிட்டார்கள் என்றாள். அப்பா போன நாளிலிருந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தே தம்பியைப் படிக்க வைத்தவள் ஜலஜா.

“அவ கல்யாணத்தையே விட்டா. நீ ஒரு ஃப்ளைட்டை விடப்படாதா?”

“விடலாம்மா. என்கிட்ட யாரும் கேக்கலையே...”

சாயந்திரம் முகுந்தன் வந்ததும் விஷயம் தெரிந்து முகம் வெளுத்தான். சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தானாம். ஹம்சா அவன் சட்டையை மடித்து வைத்தாள்.

அடையாறில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஜலஜா வீடு திரும்பினாள். கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ, ஹம்சாவுக்கு. இரண்டு வாரமாகவே நாத்தனார் இப்படித்தான். முதல் காபி ஹம்சாவுக்கு, பண்டிகைக்கு வாங்கிய பட்டு ஹம்சாவுக்கு. கடைசியில் தன்னையும் இந்த வீட்டில் ஒருத்தியாக எண்ணிவிட்டாள் என்று ஹம்சா உள்ளுக்குள் பூரித்திருந்தாள்.

“பாங்க்காரன் வந்தானாமே. எல்லாம் சரியாச்சா?” ஜலஜா அவள் தலையில் பூவை வைத்தாள். “ஒனக்கு என்ன கைம்மாறுடி பண்ணப்போறேன்... நீரஜாவுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம், ஜலஜா அக்கா போகட்டும்னு நீயே சொன்னியாமே.”

“நான் சொல்லலை அக்கா” என்றாள் ஹம்சா.

ஜலஜாவின் கை பூவிலேயே நின்றது. பிறகு மெல்லத் தம்பியைப் பார்த்தாள். “இவ சொன்னான்னு நீதானேடா சொன்னே?”

“சொல்லியிருப்பா அக்கா” என்றான் முகுந்தன். “கேட்டிருந்தா நிச்சயமா சொல்லியிருப்பா.”

காலையிலிருந்து கட்டி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. “சீட்டை எடுத்துண்டேள், சரி. நான் விட்டுக்கொடுத்தேன்னு நீங்களே சொல்லிண்டேளே... அதுக்கப்புறம் நெஜமாவே விட்டுக்கொடுக்க என்கிட்ட என்ன பாக்கி இருக்கு?” என்று கணவனைக் கேட்டுவிட்டு ஹம்சா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு வாரத்துக் காபியும் பட்டும் தனக்கு வந்தவை அல்ல, முகுந்தன் கற்பனை செய்த யாரோ ஒரு நல்ல மருமகளுக்கு வந்தவை என்று நினைக்க நினைக்க அழுகை அடங்கவில்லை.

ஜலஜா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஹம்சா, இப்ப நான் கேக்கறேன். எனக்குப் பாடப் போகணும்டி. இத்தனை வருஷத்துல மொதல் தடவையா வெளியூர்லேர்ந்து யாரோ கூப்பிட்டிருக்கா. ஒன் எடத்தைத் தரியா? மாட்டேன்னும் சொல்லலாம்.”

ஹம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழக்கம்போல வரிசையாக யோசித்தாள். ஜலஜாவின் கச்சேரி. பிரசவ அறை வாசலில் யாருமில்லாத நீரஜா. இந்த முறை யோசனையின் முடிவில் தன் பேரில் குற்றம் எதுவும் அகப்படவில்லை.

“மாட்டேன் அக்கா.”

விஜயலக்ஷ்மி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஜலஜா ஹம்சாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேருமே அழுதார்கள். “வலிக்கத்தான் வலிக்கறது... ஆனா இது நீ சொன்னது” என்றாள் ஜலஜா.

பிறகு அணைத்த கையை விடாமலே நிமிர்ந்தாள். “முகுந்தா, ரெண்டு சீட்டுல இன்னொண்ணு யாரோடது?”

“என்னோடது.”

“ஒனக்குச் சிங்கப்பூர்ல என்ன வேலை?”

விஜயலக்ஷ்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “அம்மா, அவன்கிட்டதான் கேக்கறேன். அவனே சொல்லட்டும்” என்றாள் ஜலஜா.

“என் சீட்டை எடுத்துக்கோ” என்றான் முகுந்தன். குனிந்த தலை நிமிராமல் போய் ஃப்ரிட்ஜைச் சமையலறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தான். தனியாகத் தள்ள முடியவில்லை. ஹம்சா எழுந்து உதவவில்லை. உள்ளே போய், மத்தியானம் எழுதியதற்குக் கீழே எழுதினாள்:

நாளை: காலையில் ஜலஜா அக்காவோடு மவுண்ட் ரோடு பாங்குக்குப் போக வேண்டும். கார்டுக்காரர் பயணம் செய்யாமல் இரண்டு டிக்கெட்டையும் மற்றவர்களுக்குத் தருவார்களா என்று கேட்க வேண்டும். தர மாட்டார்கள் என்றால், கூட வருபவர் பெயரை ஹம்சா என்று மாற்றச் சொல்ல வேண்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு வகுப்பு.