தாமதமாக விழும் நாலாவது அடி

காலை ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. டோக்கியோவின் சூவோ ரயில் தடத்துப் பெட்டியில் நிற்கும் ஒவ்வொருவர் காதிலும் ஒரு செவிமணி. அதற்குள் அந்த ஆளுக்காகவே அந்த நொடியில் பிறக்கும் பாட்டு. முதல்நாள் சரியாகத் தூங்காதவனுக்கு ஒன்று, வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவளுக்கு வேறொன்று. கேட்டு முடித்ததும் கரைந்துவிடும். ஒரே பாட்டை இரண்டு பேர் கேட்டதாக நான் அறிந்ததில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்போதே செவிமணியையும் பொருத்திவிடுவார்கள். மொட்டை, கம்மல், செவிமணி, பிறகு கறிச்சோறு. அன்றிலிருந்து அது நம் அழுகையையும் சிரிப்பையும் படித்துப் படித்து நமக்கான இசையைச் சமைக்கும். பாளையங்கோட்டையில் பொருத்திய என் செவிமணிக்கு, டோக்கியோவுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று நான் விமானத்தில் அழுததுகூடத் தெரியும். இசக்கி என்கிற என்னை, என்னைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதனால்தான் விடுதி அறைத்தோழி மினோரி ஒருநாள், "உனக்கு என்ன மாதிரி பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டபோது திருதிருவென்று விழித்தேன்.

"செவிமணியத்தான் கேக்கணும்" என்றேன். நாங்கள் பேசியது ஜப்பானிய மொழி. என் மனசுக்குள் அது எப்போதும் தமிழாகத்தான் விழும்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் கோஎன்ஜிக்கு வா. எங்க இசைக்குழு வாசிக்குது" என்றாள் அவள்.

மினோரியைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். இன்றைக்கு எதை உடுத்தலாம் என்று நிலைக்கண்ணாடியே எடுத்துச்சொல்லும் ஊரில், அவள் கோஎன்ஜி ரயில் பாலத்தடியில் இருக்கும் பழைய துணிக்கடைகளில் கையால் துழாவித் தேடுவாள். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருக்கும் மழைக்கோட்டு ஒன்றை அப்படித்தான் கண்டுபிடித்தாள். தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வாள், கோணலாக. அந்தக் கோணல் அவளுக்கு மட்டும் எப்படி அழகாக அமைகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அந்தப் பேட்டையில் அவளைப் போல நிறையப் பேர் உண்டு. என்ன பிடிக்கும் என்று தாங்களே தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற பிள்ளைகள்.

அங்கே செவிமணியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டுமாம் என்று சனிக்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னேன். அவளுக்குப் பதறிவிட்டது.

"ஏட்டி, எத கழத்துனாலும் அத மட்டும் கழத்திராத. பொறவு நீ ஆருன்னே அதுக்குத் தெரியாமப் போயிரும்."

அம்மா சொன்னது உண்மைதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் காதைவிட்டு விலகியிருந்தால், ஆள் இல்லையென்று முடிவுகட்டிச் செவிமணி எல்லாவற்றையும் அழித்துவிடும்.

அவர்கள் வாசிக்கும் இடம் ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருந்தது. வாசலில் காலணி வைக்க மர அடுக்கு. ஒவ்வொரு தட்டிலும் காலணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம். செருப்பைக் கழற்றுவதுபோலச் செவிமணியையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் செவிமணிக்குப் பதில் கம்மலைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். செவிமணியை முடியால் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கச்சேரி பிரமாதமாக இருந்தது. மினோரி பேஸ் கிதார், கெங்கோ என்ற ஒல்லிப் பையன் டிரம்ஸ். முடிந்ததும் நேராக கெங்கோவிடம் போய் மனசாரச் சொன்னேன்.

"உங்க தாளம் அவ்வளவு கச்சிதம். ஒரு அடிகூடப் பிசகல."

சுற்றி நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கெங்கோ மெல்லக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு ஒயர்களைச் சுருட்டப் போய்விட்டான்.

வெளியே வந்ததும் மினோரி சொன்னாள். "ஒரு விபத்துல கெங்கோவுக்கு வலது கை போச்சுன்னே நெனச்சோம். திரும்ப வாசிக்கப் பழகினான். ஆனா நாலாவது அடி எப்பவும் தாமதமாத்தான் விழும். அந்த அடியக் கேக்கத்தான் இத்தனை பேர் வர்றாங்க."

என் செவிமணி அதைத் திருத்திவிட்டிருந்தது. பிசகை வழித்தெடுத்துவிட்டு, எனக்குப் பிடித்த மாதிரி ஒரு கெங்கோவைச் செய்து கொடுத்திருக்கிறது.

"நீ அவன் வாசிச்சதக் கேக்கவே இல்ல" என்றாள் மினோரி.

அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வாரம் முழுக்க எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள், மரியாதையாகச் சிரித்தாள். வைதிருந்தால்கூடத் தேவலை. இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி அந்த மரியாதைக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அழைப்பில்லாமலே போனேன். இந்த முறை கிண்ணத்தில் செவிமணி விழுந்தது.

முதலில் எதுவுமே இல்லை. யாரோ இருமினார்கள். என் மூச்சு எனக்கே கேட்டது. பிறகு வாசிக்கத் தொடங்கினார்கள். கரடுமுரடாக இருந்தது. பாடுகிறவளின் குரல் மேலே போகும்போது உடைந்தது. பேஸ் கிதார் அடிவயிற்றில் இடித்தது. வெளியே ஓடிவிடலாம் என்று பார்த்தேன்.

அப்போது டிரம்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வரவில்லை.

சாயம் பூசிய தலைகள், கோணல் சட்டைகள், எல்லாரும் குதிகாலை உயர்த்தியபடி நின்றார்கள். கெங்கோவின் கை மேலேயே இருந்தது. பிறகு விழுந்தது. அத்தனை குதிகால்களும் அதோடு சேர்ந்து தரையில் விழுந்தன. அடுத்த சுற்றில் என் குதிகாலும் உயர்ந்திருந்தது.

அழுதேன். செவிமணியாக இருந்தால் உடனே ராகத்தை மாற்றி என்னைத் தேற்றியிருக்கும். இவர்கள் பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அழுவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

முடிந்ததும் கெங்கோவிடம் போனேன்.

"நாலாவது அடி தாமதமா விழுந்துச்சு" என்றேன்.

அவன் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். மினோரி கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, தோளால் என்னை ஒரு இடி இடித்தாள்.

செவிமணியைக் காதில் வைத்தேன். "வணக்கம். புதிய பயனரே, உங்கள் பெயர் என்ன?" என்றது.

காது குத்திய நாளிலிருந்து கூடவே இருந்தது. பகீரென்றது, பொய் சொல்ல மாட்டேன்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று அடுத்துக் கேட்டது. பதில் தெரிந்திருந்தது. அதனிடம் சொல்ல மனம் வரவில்லை. கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதே ரயில், அதே அமைதி. கெங்கோவின் தாளம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. என்னையறியாமல் கம்பியில் விரலால் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்காக விரலை உயர்த்திக் காத்திருந்தேன்.

என் விரல் இறங்குவதற்குள், சரியாக அந்தத் தாமதத்தில், தரையில் 'டக்' என்று ஒரு சத்தம்.

கதவோரம் கோட்டு சூட்டு போட்ட நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றிருந்தார். அவர் காதில் எதுவும் இல்லை. கையில் குடை, அதன் முனை தரையில். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்தப் பெட்டியில் எங்கள் இரண்டு பேருக்கு ஒரே பாட்டு தெரிந்திருந்தது.

மறுபடி மூன்று முறை தட்டிவிட்டு, அவருக்காகக் காத்திருந்தேன்.