பெல்டன் குடாவில் பெய்யாத மழை

உலகத்தில் உள்ள அத்தனை தொல்லைகளுக்கும் ஒரே காரணம், 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கிற பழக்கம்தான்.

ஆங்கஸ் ட்ரெலோர் இதை அறிவித்த இடம் ஹோபார்ட்டில் சிப்பிப் பாதுகாப்பு அலுவலகத்தின் தேநீர் அறை. கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் இறைச்சி அடைத்த மீட் பை சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரவுங்கிறது தண்ணி மாதிரி. குழாயைத் திறந்தா வருதா... குடிச்சிட்டுப் போ. ஊத்து எங்கேன்னு தேடிப் போறவன் தாகத்துலயே சாவான். வம்சாவளிப் படம் பாக்குறதெல்லாம் வேலை தெரியாதவங்க பொழுதுபோக்கு."

"நல்லா பேசுறே. உன் மீட் பையைத் தின்னு," என்றாள் மேலாளர் கெர்ரி-ஆன்.

இருபத்தாறு வயதில் அவன் அலுவலகத் தரவுத் தளத்தில் நூற்று நாற்பது மெய்நிகர் தொகுப்புகளைப் பெற்றுப் போட்டிருந்தான். மெய்நிகர் தொகுப்புக்குச் சொந்தமாக ஓர் எண்கூடக் கிடையாது. அது ஒரு ஜன்னல். வேறெங்கோ இருக்கும் அட்டவணையை எட்டிப் பார்க்கும். அந்த ஜன்னலை இன்னொரு ஜன்னல் எட்டிப் பார்க்கும்... அதை இன்னொன்று. எது எதைப் பார்க்கிறது என்று காட்டுவதுதான் வம்சாவளிப் படம். அந்தப் பொத்தானை ஆங்கஸ் இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அழுத்தியதில்லை. குடிக்காதவன் சொல்லிக்கொள்வதுபோல அதைப் பெருமையாகச் சொல்லுவான்.

வாசலில் மணி அடித்தது. வரவேற்பாளர் சாப்பிடப் போயிருந்தார். ஆங்கஸ் காபியோடு போனான்.

வாசலில் ஒரு பெண். நெஞ்சுவரை ரப்பர் உடுப்பு. முடியில் உப்பு. கையில் ஒரு கண்ணாடிக் குழாய். அவள் கண்கள்... கடல் வடிந்த பிறகு குடாவில் மிஞ்சும் தண்ணீரின் நிறம். சாம்பலும் பச்சையும், அடியில் ஏதோ அசைகிற மாதிரி... அசைந்தது அவன்மேல் இருந்த கோபம் என்பது இரண்டு விநாடி கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது.

"இதுல எத்தனை மில்லி இருக்கு? பாத்துச் சொல்லுங்க."

மழைமானிக் குழாய். காய்ந்து கிடந்தது.

"ஒண்ணுமில்லையே."

"அதான். ஆனா உங்க ஆபீஸ் நேத்து எங்க குடாவுல நாப்பத்தாறு மில்லி பெஞ்சதா சொல்லுது. பெல்டன் குடாவை மூடிட்டீங்க. இந்த மாசத்துல மூணாவது தடவை."

மழை நாற்பது மில்லிமீட்டரைத் தொட்டால் நிலத்து அழுக்கெல்லாம் குடாவில் இறங்கும். சிப்பிகள் அதைக் குடிக்கும். அதனால் ஒரு வாரம் அறுவடை கிடையாது. விதி நல்ல விதிதான். மழை பெய்திருந்தால்.

அவள் பெயர் பிரைடி லவெல். அப்பாவும் அவளுமாகச் சிப்பி வளர்க்கிறார்கள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கடல் வடியும். அப்பதான் சிப்பி வளர்ற கூடையெல்லாம் தூக்க முடியும். அடுத்த நல்ல வடிச்சல் கிறிஸ்துமஸ் முடிஞ்சப்புறம். அதுக்குள்ள எங்ககிட்ட வாங்குறவங்க வேற குடாவுக்குப் போயிடுவாங்க. போனா திரும்ப வரமாட்டாங்க."

"சிஸ்டம் சொல்லுதுங்க. நான் என்ன பண்ண?"

"சிஸ்டத்துக்கு யாரு சொன்னா?"

"அது... இன்னொரு தொகுப்பு."

"அதுக்கு?"

"அதுக்கும் ஒண்ணு இருக்கும்."

"சரி. கடைசி ஆளைப் பாக்காம நான் போறதா இல்ல."

உள்ளே வந்து அவன் மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். உடுப்பிலிருந்து கடல் சொட்டியது.

வேறு வழியில்லை. ஆங்கஸ் அந்தப் பொத்தானை அழுத்தினான். திரை முழுக்கப் பெட்டிகள், அம்புக்குறிகள். அவள் குனிந்து பார்த்தாள். முடியில் கடற்பாசி வாசனை... அவன் நெஞ்சுக்குள் ஏதோ தடுமாறியது. மீட் பை சரியாகச் சூடாகவில்லை என்று முடிவு செய்தான்.

அவள் விரல் ஒவ்வொரு பெட்டியாகப் பின்னால் போனது.

"'பெல்டன்_மூடல்'... இது 'வார_மழை'யைப் பாக்குது. அது 'மழை_இறுதி'யை. அது 'மழை_நிஜமாவே_இறுதி'யை... இதுக்கெல்லாம் பேர் வெச்ச மேதாவி யாரு?"

ஆங்கஸ் காபியைக் குடித்தான். கோப்பை காலி என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

கடைசிப் பெட்டி 'தற்காலிகம்_தொடாதே'.

திறந்தான். ஜூலையில் பெல்டன் மழைமானி இரண்டு நாள் பழுது. அந்த இரண்டு நாளுக்கு மட்டும் ஹோபார்ட் மலையின் மழைமானியைப் பதிலுக்கு வைத்திருக்கிறார்கள். மானி சரியானது. பதிலுக்கு வந்த ஆள் போகவில்லை. ஐந்து மாதமாக, மேகத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கும் அந்த மலையில் கொட்டியதெல்லாம் பெல்டன் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம்; இரண்டு இடத்திலும் பெய்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பெட்டியின் ஓரத்தில் 'உருவாக்கியவர்' என்று ஒரு வரி. ஆங்கஸ் அதைக் கையால் மறைத்துக்கொண்டு திரையில் தூசி துடைத்தான்.

கெர்ரி-ஆன் வந்து நின்றாள். "யாரோட வேலை இது?"

ஆகஸ்டில் வேலையை விட்டுப் போன டேல் நினைவுக்கு வந்தான். நல்லவன். இப்போது தூரத்தில், டார்வின் நகரத்தில் இருக்கிறான். எதையும் மறுக்க வரமாட்டான்...

"டேல்..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது.

பிரைடி திரையிலிருந்து திரும்பினாள். அவனையே பார்த்தாள். நம்பத் தயாராகத்தான் பார்த்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கையை எடுத்தான்.

"டேல் இல்ல. நான்தான். ஆங்கஸ் ட்ரெலோர்."

தேநீர் அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

"சரி பண்ணு. காரணத்தை உன் பேர் போட்டு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்," என்றாள் கெர்ரி-ஆன்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பெல்டன் குடா திறந்தது. பிரைடி எழுந்தாள்.

"நன்றி சொல்லணும்னு தோணல," என்றாள். "பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டு நிறுத்தினீங்களே... அதை மட்டும் பாத்தேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே மழை பிடித்தது. மெல்லிய, சாய்ந்த மழை... தெருவிளக்குக் கம்பத்தில் வழிந்தது. அவள் அதற்குள் தலையைக் குனியாமல் நடந்து போனாள். இது பெல்டனிலும் பெய்தால் எத்தனை மில்லி இருக்கும் என்று ஆங்கஸ் முதல்முறையாகக் கவலைப்பட்டான். நாற்பதைத் தொடக் கூடாது... தொடக் கூடாது...

பெல்டன் மானியில் ஆறு மில்லியோடு நின்றது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பெல்டன் குடாவில், இரண்டு அளவு பெரிய இரவல் உடுப்பில் ஒருவன் நின்றான். பிரைடியின் அப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"குடாவை மூடினவன்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இந்தா, தூக்கு," என்று ஒரு கூடையைக் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் தூக்கினான். சேற்றில் மூன்று தடவை விழுந்தான். ஒரு தடவைகூட 'போதும்' என்று சொல்லவில்லை. கடைசி வரிசையில் பிரைடி பக்கத்தில் வந்தாள். கடல் திரும்பி ஏற ஆரம்பித்திருந்தது.

"எதுக்கு வந்தே?"

"கூடை தூக்க."

"பொய்."

"...உன்னைப் பாக்க."

அவள் கூடையின் கொக்கியைக் கழற்றினாள். ரொம்ப நேரம் கழற்றினாள்.

"உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, பிரைடி. நேத்துதான் பாத்தேன், தெரியும். ஆனா பிடிச்சிருக்கு."

"எங்கிருந்து வந்துச்சு அது?"

"எங்கிருந்துன்னா... வந்துச்சு. அவ்வளவுதான்."

"எங்கிருந்துன்னு தெரியாம எதையும் எடுத்துக்குற பழக்கம் எனக்கில்ல."

அவள் திரும்பி வேலையைப் பார்த்தாள். முழங்கால்வரை தண்ணீர். ஆங்கஸ் கூடையைப் பிடித்தபடி நின்றான். தொண்டையைச் செருமினான்.

"இப்ப நான் விழுந்தப்ப நீ சிரிச்சே. அதுல இருந்துன்னு நினைச்சேன்... ஆனா அதுக்கு முன்னாடியே கார்ல, என்ன பேசணும்னு வழி பூரா ஒத்திகை பாத்தேன். அப்ப அதுக்கும் முன்னாடி. நேத்து மழைல நீ தலையைக் குனியாம போனே... இல்ல. அதுவும் இல்ல. அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு..."

பிரைடி கை நீட்டிக் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். காதோரம் சிவந்திருந்தது. குளிர்தான் என்று அவள் சொல்லியிருப்பாள், யாரும் கேட்டிருந்தால்.

"இன்னும் பின்னாடி போ," என்றாள்.

ஆங்கஸ் கண்ணை மூடி, ஒவ்வொரு படியாக, பின்னாடி போனான்.