பதினேழு வீடுகளுக்கு ஒரே கதை

கோவில்பட்டியில் தினமும் மாலை ஏழு மணிக்கு நாற்பதாயிரம் தொலைக்காட்சிகளில் நாற்பதாயிரம் தொடர்கள் ஓடின. அத்தனையையும் எழுதி, நடிகர்களை உருவாக்கி, அழுகைக்கு இசையும் போட்டது கதைநெய்வி என்ற ஒரே இயந்திரம். ஒவ்வொரு தொலைக்காட்சியின் நெற்றியிலும் கட்டைவிரல் பருமனில் ஓர் ஆர்வமானி உட்கார்ந்திருந்தது. பார்ப்பவரின் கண்மணி விரிவதையும் நாடி துள்ளுவதையும் அது எண்ணாக்கி அனுப்பும். அதன் பார்வை வாசல் வரை எட்டும். எண் சரிந்தால் அரை நொடியில் கதை மாறிவிடும். மாமியார் சண்டை கேட்கும் வீட்டுக்கு மாமியார், பேய் கேட்கும் வீட்டுக்குப் பேய்.

இவ்வளவு உபசாரம் செய்தும் ஊரின் சராசரி நூற்றுக்கு நாற்பதைத் தாண்டவில்லை. மேட்டுத்தெரு மட்டும் விதிவிலக்கு.

"சந்தனராஜ், மேட்டுத்தெருவில பதினேழு வீட்லயும் தொண்ணூத்தேழு காட்டுது. மானி எல்லாம் கெட்டுப்போச்சா என்ன? போய்ப் பாத்துச் சரி பண்ணுங்க" என்றார் மண்டல அதிகாரி அலமேலு, தொலைபேசியில்.

இணைப்புப் பணியாளன் சந்தனராஜுக்குக் காரணம் தெரியும். மானியில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு அவன்தான். ஐப்பசி அடைமழையில் பதினேழு வீட்டுக்கும் தனித்தனியாகக் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் கோத்துவிட்டு வந்திருந்தான். அதனால் பதினேழு வீட்டிலும் சுகந்தி என்பவளின் ஒரே கதைதான் ஓடியது. மழை விட்டதும் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவன் சுத்தமாக மறந்துபோனான். ஆறு வருட ஒப்பந்த வேலைக்குப் பிறகு அடுத்த மாதம்தான் நிரந்தர ஆணை வருவதாக இருந்தது. இது வெளியே தெரிந்தால் ஆணை வராது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான்கு மணிக்கே போய்க் கம்பம் ஏறி, பதினேழையும் பிரித்துவிட்டான். அன்று முதல் அந்தத் தெருவிலும் வீட்டுக்கொரு கதை. வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க, கையளவுத் திரையை வைத்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றான்.

ஏழரைக்குத் தொடர் முடிந்ததும் கதவுகள் படபடவென்று திறந்தன. முதலில் வந்தவள் இட்லிக்கடை செல்லத்தாய். எதிர்வீட்டுப் பாத்திமா படியிறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தியா பாத்திமா, சுகந்தி அந்தக் குடிகாரன்கிட்டயே திரும்பிப் போயிட்டா! நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல?"

"என்னக்கா உளறுறீங்க? அவ போலீஸ்ல சேந்து அவனையே பிடிச்சு உள்ள போட்டுட்டா!"

"நான் கண்ணால பாத்தேன்டி."

"நான் மட்டும் காதாலயா பாத்தேன்?"

தெருவில் பதினேழு சுகந்திகள் இருந்தார்கள். ஒருத்தி செத்துப்போயிருந்தாள், ஒருத்தி துபாய்க்குப் போயிருந்தாள். யார் சொன்னதும் பொய்யில்லை என்று தெரிந்த மாத்திரத்தில் சண்டையில் சாரம் போய்விட்டது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சந்தனராஜின் கைத்திரையில் தொண்ணூற்றேழு மளமளவென்று இறங்கி முப்பத்தெட்டில் நின்றது. அவன் நினைத்தபடியேதான் நடந்தது, ஆனாலும் அந்த வெறுந்தெருவைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியாக உள்ளே போகத் திரும்பிய செல்லத்தாய் அவனைப் பார்த்துவிட்டாள். "ஏய் தம்பி! நீதான என்னமோ நோண்டின?"

"இல்லக்கா, இனிமே அவங்கவங்களுக்குப் பிடிச்ச மாதிரியே வரும்."

"எனக்குப் பிடிச்சதை நீ என்ன கண்ட? அவ புருஷன்கிட்ட போகக் கூடாதுன்னு நான் சொல்லணும். போகணும்னு பாத்திமா சொல்லணும். அதுக்குத்தான அந்தக் கண்றாவிய அரைமணி நேரம் உக்காந்து பாக்கோம்!"

சந்தனராஜ் கம்பத்தடிக்குத் திரும்பிப் போனான். ஏறினான். பதினேழையும் மறுபடி ஒன்றாகக் கோத்தான். இறங்கி வந்து, ஆனது ஆகட்டும் என்று அலமேலுவைக் கூப்பிட்டு மழை நாளிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லித் தொடர்பைத் துண்டித்தார் அவர்.

மனைவி இசக்கியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனான். அலமேலு அவனைத் திட்டவில்லை. அவன் சொன்னதை இரவே கதைநெய்வியிடம் கொடுத்திருந்தார். அது விடியும்வரை கணக்குப் போட்டு, ஊர் முழுவதற்கும் இனி ஒரே சுகந்தி போதும் என்று முடிவு செய்திருந்தது. ஒரு வாரத்தில் சராசரி தொண்ணூற்றாறு. பேருந்து நிலையத்தில் சுகந்தி, டீக்கடையில் சுகந்தி, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்று சுகந்தி. முன்பின் தெரியாதவர்கள் சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டார்கள். சந்தனராஜுக்கு நிரந்தர ஆணை வந்தது. இசக்கி தெருவுக்கே கேசரி கிண்டினாள்.

கதைநெய்வி அத்தோடு விடவில்லை. ஆர்வமானிகள் உச்சத்தைத் தொடுவது தொடரின்போது அல்ல, அது முடிந்தபின் வாசலில்தான் என்பதை அது கவனித்திருந்தது. அரைமணித் தொடர் இருபது நிமிடமானது. பிறகு பத்து, பிறகு நான்கு. யாரும் புகார் செய்யவில்லை. கவனித்தார்களா என்பதே சந்தேகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குத் திரை கறுப்பாகவே இருந்தது.

சந்தனராஜ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அலமேலு அழைத்தார். குரலில் கொண்டாட்டம். "எந்தக் கம்பியையும் தொடாதீங்க! எல்லாம் சரியாத்தான் இருக்கு. இன்னிக்குக் கதையே இதுதானாம். நூறு காட்டுது சந்தனராஜ், ஊர் முழுக்க நூறு!"

அவன் பையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான். தெருவே வெளியில் நின்றது. கறுப்புத் திரைதான் இன்றைய கதை என்ற உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

"சுகந்திய கொன்னுட்டாங்க. அதான் காட்ட மாட்டேங்காங்க" என்றார் பக்கத்து வீட்டு ஜெபமணி.

"அவளக் கொல்றதா? யார் சொன்னா உங்களுக்கு?" சந்தனராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். இசக்கி ஜெபமணியின் கட்சி சேர்ந்தாள். அலமேலு சொன்னதையே மறந்து, சந்தனராஜ் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினான்: "அண்ணே! உங்க வீட்லயாவது படம் வருதா?"