வெறும் ரெயிலரின் பாரம்

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குக் காரின் பின்பக்கம் தாழ்ந்துபோய் நின்றது.

நேற்றுப் பின்னேரம் ஒஷாவாவில், விற்றவனின் யார்ட்டில் ரெயிலரைக் காருக்குப் பின்னால் கொளுவிப் பார்த்தபோது இரண்டு விரலளவு தாழ்ந்தது. அது சரியான அளவு என்று அவன் சொன்னான். இன்று ஒரு சாண். பின் பம்பர் சீமெந்துத் தரையைத் தொடப் பார்த்தது. முன்பக்கம் நிமிர்ந்து, விளக்குகள் இரண்டும் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தியாகலிங்கம் ரெயிலரின் கதவைத் திறந்தார். மடக்கு மேசை. அதன் இரு பக்கமும் மெத்தை இருக்கைகள். கதவோரம் ஒரு சின்ன அடுப்பு. பின்னால் குறுக்கே ஒரு கட்டில். வேறொன்றும் இல்லை. சாப்பாட்டுப் பெட்டி, போர்வைகள், மனைவி ரதியின் தேத்தண்ணிக் கேத்தில் எல்லாம் இன்னும் கராஜில்தான் கிடந்தன. தண்ணீர்த் தாங்கியும் காலி.

கதவைச் சாத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. எதற்காகப் பார்த்தோம் என்று நினைத்தபோது முகம் சூடாகியது.

அவருக்கு ரெயிலர் தேவைப்படவில்லை. அவர் சொன்ன ஒரு பொய்க்குத் தேவைப்பட்டது.

அந்த வருடம், 1986இல், மார்ச் மாதத்து ஒரு காலையில் ரதி வேலைக்குப் போயிருந்த நேரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. ரதியின் அக்கா குணவதி. யாழ்ப்பாணத்து வீட்டில் ஷெல் விழுந்தபின் கணவன் மகேஸ்வரனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். கனடாவில் ஒருவர் தங்க இடம் தருகிறேன் என்று எழுதித் தந்தால் போதும், மற்ற அலுவலைத் தாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றாள்.

"ஒரு மூலை காணும் தம்பி. பிள்ளையள் சத்தம் போடாதுகள்."

அவர்கள் இருந்த விட்பி வீட்டில் மேல்மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. கம்பளத்தில் வக்கியூம் இழுத்த கோடுகள் கிழமைக் கணக்கில் கலையாமல் இருக்கும். அந்தக் கோடுகள் அவருக்குப் பிடிக்கும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை.

"இந்த முறை சரிவராது அக்கா. நாங்கள் ரெயிலர் ஒண்டு வாங்கிக் காட்டுப்பக்கம் காம்பிங் போறம். கோடை முழுக்க வீடு பூட்டித்தான் கிடக்கும்."

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் தன் ரெயிலரின் மேல் கிடந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். சொல் அங்கிருந்துதான் வந்தது.

குணவதி அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "ரெயிலர் எண்டால் என்ன தம்பி?"

அவர் விளக்கினார். உள்ளே கட்டில் இருக்கும், அடுப்பு இருக்கும், காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம் என்றார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"நல்லதுதானே," என்றாள்.

ரதிக்கு அவர் இதைச் சொல்லவில்லை.

மே மாதம் அவரும் ரதியும் சென் ஜேம்ஸ் ரவுணில் சச்சிதானந்தன் வீட்டுக்குப் போனார்கள். அவரோடு படித்த சிநேகிதன். மாடிக்குடியிருப்பில் இரண்டு அறைகளுக்குள் தன் குடும்பத்தோடு, அண்மையில் வந்து சேர்ந்த இன்னும் ஐந்து பேரை வைத்திருந்தார். பகலில் மெத்தைகள் சுவரோடு சாத்தி நின்றன.

"வாரும், ஊர்சுத்திறவர்," என்றார் சச்சிதானந்தன். "ரெயிலர் வாங்கியாச்சோ?"

"என்ன ரெயிலர்?" ரதி கேட்டாள்.

"தெரியாதே தங்கச்சி? கொழும்பில இருந்து வந்த பெடியன் ஒருத்தன் சொன்னவன். வெள்ளவத்தை லொட்ஜ் வழிய இதுதான் கதையாம். விட்பித் துரை வீட்டைப் பூட்டிப்போட்டுக் காட்டுக்க படுக்கப் போறாராம். எங்கட சனம் காட்டுக்க கிடந்ததுக்குத்தானே இஞ்ச ஓடி வந்தது, இவர் காசு குடுத்துப் போறார்."

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். தியாகலிங்கமும் சிரித்தார்.

"உமக்குச் சொல்லாமல் வாங்கி நிப்பாட்டுவம் எண்டு இருந்தனான்," என்று ரதியிடம் சொன்னார்.

அவள் முகம் மலர்ந்தது. அவர் மெத்தைகளைப் பார்த்தார்.

"அக்கா ஆக்களும் வெள்ளவத்தையிலதான்," என்றாள் ரதி. "கடிதம் ஒண்டையும் காணேல்லை."

"கன சனம் மன்னார்ப் பக்கம் போயிட்டுதாம் தங்கச்சி. வள்ளத்தில இந்தியாவுக்குப் போறதுக்கு. இஞ்ச ஒரு பிடி இல்லாட்டி அதுகள் என்ன செய்யிறது?"

அதன்பிறகு பொய்யை உண்மையாக்குவதைத் தவிர வழி இருக்கவில்லை. அதைச் செய்யத் தொடங்கியதும் அவருக்கு அதிலே ஒரு ஆர்வமும் வந்துவிட்டது. அதுதான் பிறகு அவரை அதிகம் வெட்கப்படுத்தியது. அவர்களுடைய சின்னக் கார் ரெயிலரை இழுக்காது. பிக்கப் ரதிக்குப் பிடிக்கவில்லை. "சாக்கு ஏத்திற லொறியில நான் வரேல்லை," என்றாள். வான் உயரம், காற்றுக்கு ஆடும். கடைசியில் ஸ்கார்பரோவில் ஒரு பழைய ஸ்ரேசன் வாகன் கார் கிடைத்தது. நீளம், பாரம், எட்டுச் சிலிண்டர் எஞ்சின், பக்கங்களில் மரம்போலத் தீட்டிய நிறம். பின்னால் ரெயிலரைக் கொளுவக் கொக்கியும் உருண்டையும் பூட்டினார். கழன்றால் தாங்க இரண்டு சங்கிலி. ரெயிலரின் சில்லுகளுக்குத் தனி பிரேக். பின்னால் வருவதைக் காண, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள்.

பாரத்தை முன்சில்லுகளுக்குப் பகிரும் உருக்குக் கம்பிகளையும் எடுக்கச் சொன்னான் ரெயிலரை விற்றவன்.

"எத்தனை பேர்?" என்று கேட்டான்.

"இரண்டு."

"இதில் ஆறு பேர் படுக்கலாம்."

"இரண்டு பேர்தான்," என்றார் தியாகலிங்கம், தேவைக்கு மேல் சத்தமாக. கம்பிகள் வேண்டாம் என்றார்.

இப்போது அந்த யார்ட்டுக்குப் போன் எடுத்தார். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. ரெயிலரைக் கழற்றினார், மறுபடி கொளுவினார். ரயர்களுக்குக் காற்று அடித்தார்; பின்பக்கம் கொஞ்சம்தான் எழும்பியது. சாமான்களைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். நாலு மணிக்குத்தான் வெளிக்கிட்டார்கள். ரதி புதுக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

கிழக்கே போகும் பெருந்தெருவில் ஒஷாவாவின் தொழிற்சாலைகள் கழிந்து, வீடுகள் ஐதாகி, இரண்டு பக்கமும் வயல்வெளிகள் வரத் தொடங்கியபோது, நீட்டுக் கண்ணாடிகளில் ரெயிலரின் வெள்ளைத் தகரம் கூடவே வந்துகொண்டிருந்தது. ரயர்களின் இரைச்சலுக்கும் சங்கிலிகளின் கிலுக்கத்துக்கும் அடியில் இன்னொரு சத்தம், ஈரத்துணி ஒன்றைத் தரையோடு மெல்ல இழுப்பது போன்ற சத்தம், வந்து வந்து போனது. ரதி ரேடியோவைப் போட்டாள். அவர் அதை நிறுத்தினார்.

பிரேக் பிடித்தால் முதலில் கார் தயங்கியது. பிறகு ரெயிலர். அதற்கும் ஒரு கணம் பிந்தி, ரெயிலருக்குள் இருந்த பாரம் முன்னுக்கு வந்து சேர்ந்தது. பெட்டி சரிந்தால் ஒரு இடி இடிக்கும். இது அப்படி இல்லை. நெரிசலான பஸ் நிற்கும்போது நின்றுகொண்டு வரும் சனம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, பிறகு தங்களைத் தாங்களே நிமிர்த்திக்கொள்வது போல இருந்தது. மெதுவாக. மரியாதையாக.

"ஒண்டு சொல்லவேணும்," என்றாள் ரதி. "கோவிக்கக் கூடாது."

"என்ன?"

"ஏப்பிரல்லயே அக்காவுக்கு எழுதிப் போட்டனான். இஞ்ச வரச்சொல்லி. உங்களைக் கேக்கேல்லை. கேட்டால் நீங்கள் ஓமெண்டுதானே சொல்லுவியள்."

உண்மையைச் சொல்வதற்கு அது ஒரு நேரம். தெரு நேராக இருந்தது, வெளிச்சம் இருந்தது, அவள் அவரைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றார்.

"மேலறைக்குக் கர்ட்டின் மாத்தவேணும். விடியப்புற வெயில் முகத்தில அடிக்கும், பிள்ளையள் படுக்காதுகள்."

பின்னால் பாரம் இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஸ்ரியரிங் அவர் கையில் நடுங்கியது. ரதி அதைக் கவனிக்கவில்லை.

பெற்றோல் அடிக்க நிறுத்தினார்கள். ரதி கழிவறைக்குப் போனாள். பெற்றோல் அடித்த கிழவன் ரெயிலரைப் பார்த்தபடி நின்றான்.

"ஓடும்போது பின்னால் ஆட்களை வைத்திருக்கக் கூடாது," என்றான். "தெரியுமல்லவா?"

"ஒருவரும் இல்லை."

கிழவன் தாழ்ந்து கிடந்த பம்பரைப் பார்த்தான். பிறகு தியாகலிங்கத்தின் முகத்தை. அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமான பார்வை. இவன் பொய் சொல்கிறான், ஆனால் எனக்கென்ன என்ற பார்வை.

அவன் உள்ளே போனதும் ரெயிலரின் கதவைத் திறந்தார். புதுத் துணியின் மணத்தை மூடிக்கொண்டு வேறொரு மணம் வந்தது: நனைந்த கம்பளி, மண்ணெண்ணெய், பாசி. தரை முழுக்க மெல்லிய நீர்ப்படலம். கேத்தில் வைத்த இடத்தில் இருந்தது. போர்வைகள் மடித்தபடி இருந்தன. இருக்கைகளில் மட்டும் ஈரம். நாலு இடத்தில். இரண்டு பெரியது, இரண்டு சின்னது.

தரையில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

உப்பு. கசக்கும் உப்பு. இந்த ஏரிகளில் அந்த ருசி கிடையாது.

தன் துவாயால் தரையைத் துடைத்தார். இருக்கைகளை ஒற்றினார். வெளியே வந்து சுவர் ஓரமாகப் பிழிந்தார். பிழியப் பிழிய வந்தது.

"என்ன பிழியிறியள்?" ரதி பின்னால் நின்றாள்.

"தாங்கி ஒழுகுது."

"நாங்கள் தண்ணி நிரப்பேல்லையே."

"பழைய தண்ணி."

அவள் துவாயைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். போய்க் காரில் ஏறினாள்.

ஏரிக்கரைப் பூங்காவுக்கு அவர்கள் வந்து சேரும்போது பொழுது மங்கிவிட்டது. மரங்களுக்கிடையே பனிப்புகார் இறங்கியிருந்தது. தள்ளித் தள்ளி மற்றவர்களின் ரெயிலர்கள், நெருப்புகள், யாரோ ஒருவனின் சிரிப்பு. அவர்களுக்குக் கிடைத்தது தண்ணீரை ஒட்டிய கடைசி இடம்.

சில்லுகளுக்குக் கட்டை வைத்தார். காரைக் கழற்றுவதற்கு ரெயிலரின் முன்பக்கத்தைத் தூக்கும் ஜாக்கைச் சுற்றினார். ஜாக்கின் கால் இறங்கி மண்ணைத் தொட்டது. இன்னும் சுற்றினார். ரெயிலர் எழும்பவில்லை. கால் மண்ணுக்குள் போனது. பலகை ஒன்று வைத்துச் சுற்றினார். பலகை வெடித்தது. கொக்கி உருண்டையை விடவில்லை. காரும் ரெயிலரும் ஒன்றாகவே நின்றன.

"நான் தேத்தண்ணி வைக்கிறன்," என்றாள் ரதி.

"கொஞ்சம் பொறும்."

"ஏன்?"

ஏன் என்று சொல்லலாம். ஒரு வசனம் போதும். அவள் படியில் கால் வைத்தபடி காத்திருந்தாள்.

"இல்லை," என்றார். "போம்."

அவள் உள்ளே போனாள். அவர் குனிந்து ரெயிலரின் அடியைப் பார்த்தார். தகரப் பொருத்துகள் வழியே நீர் வடிந்தது. சொட்டாக அல்ல. வரிசையாக. மண்ணில் குழி விழுந்தது.

மேலே ரதியின் காலடி. சப்பாத்துக் கால். அடுப்புப் பக்கம் இரண்டு அடி.

நின்றது.

பிறகு மற்றக் காலடிகள். வெறுங்கால்கள். கட்டில் பக்கமிருந்து. பாரமானவை. பின்னால் சின்னவை.

கேத்தில் விழுந்தது.

அவர் கத்தவேண்டும் என்று நினைத்தார். வாய் திறந்தது. பெயர் வரவில்லை. காரின் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை அதை நோக்கிப் போனதை அவர் பார்த்தார். தன் கைதான். கொளுவி நிற்கும் கார். எங்கே போனாலும் ரெயிலரும் கூடவே வரும்.

ரதியும் கத்தவில்லை.

அவள் பேசினாள். மெதுவாக, இடைவிடாமல். சொற்கள் கேட்கவில்லை. யாருடைய தலையையோ தடவிக்கொண்டு பேசும் குரல். இடையில் நிறுத்தினாள். கேட்டாள். மறுபடி நிறுத்தினாள். இந்த முறை நீண்டநேரம்.

நீர் வடிவது நின்றது.

கதவு திறந்தது.

ரதி படியில் நின்றாள். உள்ளே விளக்கில்லை. அவளுடைய கம்பளிச் சட்டை நெஞ்சோடு நனைந்து ஒட்டியிருந்தது. இடுப்பின் இரு பக்கமும் சின்னச் சின்ன ஈரக் கைகளின் அடையாளம். அவள் தோளில் பின்னாலிருந்து ஒரு கை வந்து இருந்தது. கனநாள் தண்ணீரில் கிடந்த கை. வெளிறி, ஊதி, நகம் இல்லாமல். ரதி அதைத் தட்டிவிடவில்லை. அதன்மேல் தன் கையை வைத்திருந்தாள்.

அவள் முகத்தில் பயம் இல்லை. அவள் பார்த்தது அவரைத்தான்.

"இஞ்சருங்கோ, அக்கா உங்களுக்குப் போன் எடுத்தவவாம். என்ன சொன்னனீங்கள்?"