தேவையில்லாததை மூடிடுங்க

பழைய கம்ப்யூட்டரில் மெமரி போதவில்லை என்று யாராவது போன் செய்தால், சர்வீஸ்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஒரு வைத்தியம் சொல்வார்கள். "தேவையில்லாத புரோகிராமை எல்லாம் மூடிடுங்க." பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதி இரண்டு பேர் வீட்டுக்குத்தான் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

அப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற ஒருவனுக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் அவசரம். எதிராளி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற ஆசாமி. அவனுடையது ஒற்றை ஆள் கடை. திருப்புளி பிடிப்பதும் அவன்தான், போன் எடுப்பதும் அவன்தான். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, மழை வருமா வராதா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தபோது, தெருக்கோடியில் இருந்த ஒரு மாடி வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, அதோடு சேர்த்து ஒரு சாவி, விரல்களில் சிவப்பு மசிக் கறை. புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கிறவர்.

"வாங்க தம்பி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மெமரி குறைவுன்னு வந்து நிக்குது. ஒரு பக்கம் திருத்தறதுக்குள்ள உயிர் போயிடுது."

"பாத்துடலாம் மேடம். அரை மணி நேர வேலை."

மாடிப்படியின் அடியில்தான் கம்ப்யூட்டர் மேஜை இருந்தது. மேலேயிருந்து மருந்து நெடி இறங்கி வந்தது. பழைய நெடிதான், ஆனாலும் போகாத நெடி. படிகளின் உச்சியில் ஒரு கதவு, அதில் பூட்டு.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அவன் கடையின் போன் நம்பர். எப்போதோ ஒட்டியது, அவனுக்கு ஞாபகமில்லை. மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு கை தூசி. ஊதித் துடைத்து, ரேம் என்கிற மெமரித் தகட்டை உருவி, அதன் பல்லை ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினான். சுவிட்சைப் போட்டதும் பெட்டி இருமிக்கொண்டு எழுந்தது. எது மெமரியைத் தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தான்.

ஒரே ஒரு புரோகிராம் முக்கால்வாசியை விழுங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், கேமரா ஏதாவது மாட்டியிருக்கீங்களா?"

அந்த அம்மா எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்பாவுக்காக என் தம்பி மாட்டிக் குடுத்தான். மேல் ரூம்ல. அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு வராது. ஏதாவது வேணும்னா கையைத் தூக்குவார். அவர் அசைஞ்சா இங்க டிங்னு மணி அடிக்கும், படம் ஒண்ணு பிடிச்சு வெச்சுக்கும். நான் ஓடுவேன்."

"இப்போ அப்பா..."

"போயிட்டார். நாலு மாசம் ஆச்சு."

அவன் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மா நிறுத்தவில்லை. ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாதது போலிருக்கிறது.

"அன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள ஒரு புத்தகம் முடிச்சு அனுப்பணும். இதே எர்ரர். கடைக்குப் போன் பண்ணினேன். போன் எடுத்தவர் தேவையில்லாததை எல்லாம் மூடிடுங்கன்னார். மூலையில ஒரு கேமரா ஓடுதே, அதையும் மூடலாமான்னு கேட்டேன். தாராளமா மூடுங்கன்னார். மூடினேன். நல்லா ஓடுச்சு. ரெண்டு மணி நேரம் தலை நிமிராம வேலை பாத்தேன்."

அவன் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

"அப்புறம் மேல போனா, கதவுக்கு நாலடி முன்னால விழுந்து கிடக்கார். கூஜாவில தண்ணி தீந்து போயிருந்துச்சு. கையைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு அவரே எந்திரிச்சு வந்திருக்கார்."

அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஐயோ, நன்றாகவே வந்துவிட்டது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஒரு லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்தக் குரல் ஏதோ கேமரா என்று ஆரம்பித்தது. எதற்கான கேமரா என்று கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை. தாராளமா மூடுங்க மேடம் என்றான். வைத்துவிட்டான்.

திரையைப் பார்த்தான்.

கேமரா ஜன்னலைப் பெரிதாக்கினான். மங்கலான அறை, மடித்த போர்வையோடு கட்டில், ஒரு கூஜா, நான்கு கால் வாக்கர். வாக்கரின் ஒரு காலில் தரையில் பதியும் ரப்பர் குமிழ் இல்லை. படத்தின் ஓரத்தில் கதவு. கீழே ஓர் எண்: இன்று பிடித்த படங்கள் அறுநூற்றுப் பதினொன்று.

"மேடம், இது ஏதாவது அசைஞ்சாத்தான் படம் பிடிக்கும். மேல பூனை கீனை போகுதா?"

"பூட்டியே வெச்சிருக்கேன் தம்பி. ஜன்னலும் சாத்தியிருக்கு. கம்ப்யூட்டரைப் போட்டா அதுவே ஓட ஆரம்பிச்சுடுது, ஆனா அன்னிக்கப்புறம் நான் அந்தப் படத்தைத் திறந்து பாத்ததில்ல. ஸ்பீக்கரையும் அணைச்சுட்டேன்."

வெளிச்சம் மாறினால்கூடச் சில கேமராக்கள் ஏமாறும். அதாகத்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நாலு மாதத்துப் படங்களையும் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓடவிட்டான்.

கட்டில் அசையவில்லை. போர்வை அசையவில்லை. கூஜா அசையவில்லை.

வாக்கர் நடந்தது.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நூலளவுகூட வித்தியாசம் தெரியாது. சேர்த்து ஓட்டினால்தான் தெரிந்தது. கட்டிலருகே இருந்தது, வாரத்துக்கு ஒரு சாண் வீதம், ஒரு காலை இழுத்துக்கொண்டு கதவை நோக்கி வந்திருந்தது. அவர் விழுந்து கிடந்த அந்த நாலடி இடத்தில் ஒரு மாதம் நின்றிருந்தது. பிறகு அதையும் தாண்டியிருந்தது.

கடைசிப் படத்தில் அது கதவைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவன் முதுகில் வியர்வை ஊறியது. அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து திரை தெரியாது. அவர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். உங்க கடையில அன்னிக்குப் போன் எடுத்தது யாருன்னு தெரியுமா?"

அவன் கண் பெட்டியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரின் மேல் போனது.

"சண்டை போட இல்லப்பா. மூடலாமான்னு நான் கேட்டேனா, அவர் சொன்னாரா, இல்ல வேலை மும்முரத்துல நானாவே மூடிட்டு இப்படிக் கதை கட்டிக்கிறேனான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ராத்திரியில தூக்கமில்ல. சொன்னேன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தைதான். அவன் நாக்கின் நுனியில் இருந்தது.

"தெரியாது மேடம்," என்றான். "எங்க கடையில நிறையப் பேர் வேலை பாக்கறாங்க."

டிங்.

ஸ்பீக்கரின் விளக்கு அணைந்தேதான் இருந்தது.

திரையில் புதுப் படம் ஒன்று வந்து விழுந்தது. கட்டில், போர்வை, கூஜா. வாக்கர் இல்லை.

மேலே பூட்டு தொங்கியபடியே இருந்தது. கதவு திறக்கவில்லை. ஆனால் முதல் படியில் சத்தம் கேட்டது.

தொப். தொப். தொப். கிரீச்.

"அப்பா..." என்று அந்த அம்மா கிசுகிசுத்தார். முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவனை இன்னும் கலக்கியது.

அவன் கேமரா புரோகிராமைக் கம்ப்யூட்டரிலிருந்தே அழித்தான். பையில் எது கிடைத்ததோ அதை அள்ளிப் போட்டான். "இனிமே வராது மேடம், சரியாயிடுச்சு," என்று உளறிக்கொண்டே வாசலுக்கு ஓடினான். பின்னால் சத்தம் அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியாக, நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நல்ல வெயில். கடையைத் திறந்து, தரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததும் மனசு கொஞ்சம் தெளிந்தது. கண் கட்டியிருக்கும், மழை இருட்டில் எதையோ எதுவாகவோ பார்த்திருப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்போது போன் அடித்தது. யாரோ புது வாடிக்கையாளர்.

"சார், சிஸ்டத்துல மெமரி குறைவுன்னு வருது. என்ன பண்ணட்டும்?"

"தேவையில்லாத..." என்று ஆரம்பித்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. "சார், உங்க வீட்ல யாராவது படுக்கையில இருக்காங்களா?"

"என்னது?"

போனை வைத்துவிட்டான். வைத்துவிட்டுக் குனிந்தபோதுதான் தரையைப் பார்த்தான்.

துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. வாசல்படியிலிருந்து அவன் மேஜை வரை தடம் இருந்தது. மூன்று வட்டம், ஒரு கீறல். மூன்று வட்டம், ஒரு கீறல்.

மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

மறுபடி போன் அடித்தது. எடுத்தான்.

"தம்பி, நான்தான்," என்றார் அந்த அம்மா. "நீங்க போனதிலேர்ந்து எர்ரர் வரல. காலையில பூட்டைத் திறந்து பாத்தேன். வாக்கரைக் காணோம். அப்பா அங்க வந்திருக்காரா?"

"அம்மா... அன்னிக்குப் போன் எடுத்தது நான்தாம்மா. நீங்க கேட்டீங்க. நான்தான் மூடச் சொன்னேன். என்னன்னுகூடக் கேக்காம சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

மறுமுனையில் வெகுநேரம் அழுகைதான் கேட்டது. பாரம் இறங்குகிற அழுகை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த அம்மா பேசினார்.

"கேட்டேனா? அப்ப நான் கேட்டேன்தானே? அது போதும் எனக்கு. நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி. அவர் அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டாம்."

"அம்மா, இவரை... இவரை எப்படி..."

"என்னை விட்டுட்டு உங்களைத் தேடி வந்திருக்கார். நான் கூப்பிட்டா வருவாரான்னு தெரியல. அவருக்குப் பேச்சு வராது தம்பி. கையைத்தான் தூக்குவார். மறக்காம தண்ணி குடுங்க."

அவன் எழுந்து டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேஜையின் அந்தப் பக்கத்து ஓரத்தில் வைத்தான். கண்ணை எடுக்காமல் பார்த்தான். கால்மணி நேரத்தில் ஒரு மடக்கு குறைந்திருந்தது.

கொஞ்சம் மனம் ஆறி, பாதியில் விட்டிருந்த வேலையை எடுத்தான். பின்பக்க அலமாரியில், மூடி கழற்றி, வயர் உருவி, ரேம்கூட இல்லாமல் ஒரு பழைய பெட்டி கிடந்தது.

அதிலிருந்து டிங் என்று மணி அடித்தது.

"வர்றேன் சார்," என்று சொல்லிவிட்டு அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தான்.